கடைசியாகப் படகேறியவர்

அன்று கோட்டைத் தீவுக்குப் போயிருந்தவர்கள் இவர்கள்தான். பெண் வீட்டுத் தரப்பில், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரான பெரியப்பா, அவர் மனைவி பெரியம்மா, தாய் தகப்பனை இழந்து அவர்கள் கையில் வளர்ந்த தம்பி மகள். அவள் பாலங்கள் கட்டும் இன்ஜினியர். மாப்பிள்ளை வீட்டுத் தரப்பில், ஊரின் பழைய சினிமா தியேட்டரில் மேனேஜராக இருந்தவர், அவருடைய மனைவி, ஒரே மகனான பல் டாக்டர். படகை ஓட்டியவர் ஒரு சின்னப் படகுக்குச் சொந்தக்காரர். அதனாலேயே ஊரார் அவருக்கு ‘அட்மிரல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கோட்டைக்குள், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க முன்னால் நடந்தவர் காவல்கார அம்மாள். இந்த எட்டுப் பேரைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கை கிடையாது. தாங்களும் அன்று அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை நம்ப வேண்டாம்.

கல்யாணப் பேச்சுக்கு யாராவது கடல் நடுவே இருக்கும் கோட்டைக்குப் போவார்களா என்று கேட்கலாம். காரணம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரியப்பா முதலில் போனால் வலியப் போனதாக ஆகும். அவர்களை முதலில் தன் வீட்டுக்கு வரச் சொன்னால், அங்கேயும் இப்படி நினைக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தது. ஆகவே இரு வீட்டுக்கும் பொதுவாக ஓர் இடம் வேண்டும். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த இடத்தைவிடப் பொதுவான இடம் எங்கே கிடைக்கும்? பெரியப்பா இடத்தைச் சொன்னார். மேனேஜர் போனில் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படின்னா படகு என்னோட ஏற்பாடு” என்றார். அவருடைய அந்த மௌனத்தைப் பெரியப்பா கௌரவம் என்று எடுத்துக்கொண்டார். அதில் அவருக்கு மதிப்புக்கூட உண்டாயிற்று.

புறப்படும் முன் தம்பி மகள் அவருடைய அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

“பெரியப்பா, இது மூணாவது இடம். முதல்ல வந்தவங்க லேட்டா வந்தாங்கன்னு கதவைத் திறக்க மாட்டேன்னீங்க. ரெண்டாவது வந்தவங்க ‘ரயில்வேல ஏதோ வேலை பாத்தீங்களாமே’ன்னு கேட்டதுக்கு, வச்ச காபியைத் திரும்ப எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க.”

“ஏதோ வேலையா? ஸ்டேஷன் மாஸ்டர் ஏதோ வேலையா?”

“இந்த ஆளை எனக்குப் புடிச்சிருக்கு. இதையும் முறிச்சு விட்டீங்கன்னா, அதோட விட்டுருங்க. வேற யாரையும் பாக்காதீங்க. நான் பாலத்தைக் கட்டிக்கிட்டே காலத்தை ஓட்டிக்கிறேன்.”

“குடும்ப மரியாதைன்னு ஒண்ணு இருக்கும்மா.”

“அது இருக்கட்டும் பெரியப்பா. நானும் இருக்கேன்ல?”

கொடியசைத்து எத்தனையோ ரயில்களை அனுப்பியவர், ஒரு கேள்விக்கு முன்னால் சட்டைப் பொத்தானைப் பூட்டிப் பூட்டி அவிழ்த்துக்கொண்டு நின்றார்.

படகுத்துறையிலேயே முதல் உபசாரம் தொடங்கிவிட்டது.

“நீங்க முதல்ல ஏறுங்க” என்றார் மேனேஜர்.

“அதெப்படி? நீங்க முதல்ல” என்றார் பெரியப்பா.

இதில் இருவருக்கும் தொழில்முறை நியாயம் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் என்பவர் ரயிலை அனுப்பிவிட்டுக் கடைசிப் பெட்டியின் விளக்கு கண்ணுக்கு மறையும்வரை பிளாட்பாரத்தில் நிற்கவேண்டியவர். எல்லோருக்கும் முன்னால் தான் ஏறி உட்காருவது பெரியப்பாவின் ரத்தத்தில் கிடையாது. மேனேஜரோ ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கடைசி ஆளை வெளியே அனுப்பி, டார்ச்சை அடித்து நாற்காலி வரிசைகளைப் பார்த்து, பிறகே கதவைப் பூட்டிப் பழகியவர். அந்த நீண்ட டார்ச் இன்றைக்கும் அவர் கையில் இருந்தது. மேலும் இடம் பெரியப்பாவின் ஏற்பாடு, படகு மேனேஜரின் ஏற்பாடு. அப்படியானால் யார் விருந்தாளி? யாரும் இல்லை. இரண்டு பேருமே வீட்டுக்காரர்கள்.

“ரெண்டு பேரும் இங்கயே இருங்க. நாங்க போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்றோம்” என்று சொல்லிப் பெரியம்மா ஏறிவிட்டார். மேனேஜரின் மனைவி சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினார். படகு துறைப்பலகையோடு சமமாகக் கட்டப்பட்டிருந்ததால், கரையில் நின்ற ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு காலை வைத்து ஏறினார்கள். அந்தச் சமரசத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பல் டாக்டர். பையன் புத்திசாலி என்று பெரியப்பா மனதில் குறித்துக்கொண்டார்.

கடல் அன்று நல்ல பிள்ளையாக இருந்தது. கரையோரம் கலங்கல், கொஞ்சம் தள்ளிப் பச்சை, அதற்கப்பால் பார்க்கவே கண் கூசும் நீலம். சிவப்பு மிதவை ஒன்றின் மேல் கறுப்புப் பறவை ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் ஜெல்லி மீன்கள் பிளாஸ்டிக் பை போல ஊதி ஊதிச் சுருங்கின. எதிரே தீவு வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் ஒரு கறுப்புப் புள்ளி, பிறகு ஒரு மொட்டைச் சுவர், பிறகு பீரங்கி எட்டிப் பார்க்கும் ஓட்டைகளோடு முழுக் கோட்டை.

மேனேஜர் நட்ட நடுவில், பெஞ்சை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் திரும்பவில்லை, வலப்பக்கம் திரும்பவில்லை. என்ன நிமிர்வு, என்ன அடக்கம் என்று பெரியப்பா வியந்தார்.

“இங்க ஆழம் எவ்வளவு?” என்று மட்டும் ஒருமுறை கேட்டார் மேனேஜர்.

“நம்ம படகுக்குப் போதுமானது இருக்கு ஐயா” என்றார் அட்மிரல்.

கோட்டை வாசல் நெஞ்சளவு உயரம்தான். சாவிகளைக் குலுக்கியபடி காவல்கார அம்மாள் விளக்கினார். “எல்லாரும் குனிஞ்சுதான் வரணும். எதிரி தலையை நீட்டினா உள்ள இருந்து ஒரே போடு போடறதுக்காகக் கட்டினது. தளபதிங்க, கவர்னருங்க எல்லாரும் குனிஞ்சு வந்த வாசல் இது.”

“நான் கவர்னர் இல்லையே” என்றார் பெரியப்பா.

சம்பந்தம் பேசவந்த இடத்தில், மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, பெண் வீட்டுப் பெரியவர் தலை குனிவதா? அவர் குனியவில்லை. கழுத்தையும் முதுகையும் செங்குத்தாக வைத்துக்கொண்டு முழங்காலை மட்டும் மடக்கி, லிப்ட் கீழே இறங்குவதுபோல் இறங்கி, அப்படியே நகர்ந்து உள்ளே போய், அந்தப் பக்கம் மறுபடி உயர்ந்தார்.

“வாத்து நடந்து போற மாதிரியே இருந்துச்சு” என்றார் பெரியம்மா.

“தலை குனிஞ்சுதா?”

“இல்ல.”

“அவ்வளவுதான் வேணும்.”

உள்ளே இருட்டு நடைபாதையில் மேனேஜரின் டார்ச்சுக்கு வேலை வந்தது. கோட்டைக்குள் கால் வைத்ததும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். வெளிச்சத்தைத் தரையில் ஓட்டி, “பாத்து வாங்க, இங்க ஒரு படி” என்று எல்லோரையும் வரிசையாகக் கூட்டிப்போனார். மழைநீர் சேர்த்து வைக்கும் நிலவறைத் தொட்டியைக் காட்டியபோது மட்டும் விளிம்புக்கு வரவில்லை. வாசலில் நின்றபடியே வெளிச்சத்தைக் காட்டினார்.

“ஆட்டம் முடிஞ்சு பாத்தா என்னென்ன கிடக்கும் தெரியுமா? குடை, ஒத்தைச் செருப்பு. ஒரு தடவை ஒரு பல்செட்டே கிடந்துச்சு. அதைக் கையில எடுத்துப் பாத்துட்டுதான் இவன் பல் டாக்டர் ஆகணும்னான்.”

“அப்பா, அந்தக் கதையை விடவே மாட்டீங்களா?”

“எங்க பிளாட்பாரத்துல ஒரு தடவை புது மாப்பிள்ளையையே மறந்து விட்டுட்டுப் போயிட்டாங்க” என்றார் பெரியப்பா. “நான்தான் அடுத்த வண்டியில ஏத்தி அனுப்பினேன். போற வரைக்கும் பசிக்குது பசிக்குதுன்னு அழுதான்.”

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். பீரங்கி மேடையில் அந்தச் சிரிப்பு எதிரொலித்தது. தம்பி மகள் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் தெரிந்த நிம்மதி அவருக்குக் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. நான் சிரிக்கவைப்பது இவளுக்கு அவ்வளவு ஆச்சரியமா?

மதில்மேல் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். இளையவர்கள் இரண்டு பேரும் மதிலின் மறுகோடிக்கு நடந்தார்கள். பெண்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பீரங்கியில் சாய்ந்து மூட்டுவலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். வார்த்தையை முடிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. கேட்கவேண்டியவர் மாப்பிள்ளையின் தகப்பனார். ‘எங்களுக்குச் சம்மதம், நீங்க என்ன சொல்றீங்க’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பெரியப்பா தயாராகக் காத்திருந்தார்.

மேனேஜர் சுவரின் இடைவெளி வழியாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணு நல்ல பொண்ணு” என்றார்.

“ம்.”

“ஏம்மா, இப்ப தண்ணி ஏறுதா, இறங்குதா?” என்று காவல்கார அம்மாளைக் கேட்டார்.

“இறங்குதுங்க.”

பெரியப்பா மறுபடி காத்திருந்தார். மேனேஜர் உதட்டை நக்கிக்கொண்டார். “உங்க வீட்டு வளர்ப்பு பாத்தாலே தெரியுது” என்றவர், அடுத்த மூச்சிலேயே, “ரொம்ப இறங்குமாம்மா?” என்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

பெரியப்பாவின் காது சூடாகியது. பேச்சைத் திருப்புகிறார். பெண் பிடித்திருக்கிறது, வளர்ப்பு பிடித்திருக்கிறது, ஆனால் வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரமாட்டேன் என்கிறது. என்ன குறை கண்டார்? ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் என்ன குறை கண்டுவிட்டார், ஒரு சினிமாக் கொட்டகைக்காரர்? ‘நமக்கு ஒத்துவராது’ என்ற வாக்கியம் அவர் நாக்கு நுனிவரை வந்து உட்கார்ந்தது. மதிலின் மறுகோடியிலிருந்து தம்பி மகள் அவரைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அந்த வாக்கியத்தை அவர் ஒரு முட்டையோடு சேர்த்து விழுங்கினார்.

அப்போது கீழேயிருந்து அட்மிரல் கத்தினார். “தண்ணி வத்துது! எல்லாரும் சீக்கிரம் வாங்க! இப்ப விட்டா ராத்திரிதான் படகு நகரும்!”

“ராத்திரி யாரையும் உள்ள வச்சுக்க எனக்கு அனுமதி இல்லை” என்று காவல்கார அம்மாள் சாவியைக் குலுக்கினார். சொன்னபடியே எல்லோரையும் வெளியே அனுப்பி, வாசலை உள்ளே இருந்து பூட்டிவிட்டு மதில்மேல் ஏறிக்கொண்டார்.

கோட்டைப் படித்துறை காலையில் பார்த்ததுபோல் இல்லை. காலையில் தண்ணீருக்குள் இருந்த படிகளெல்லாம் இப்போது பாசி பிடித்துப் பல்லைக் காட்டின. படகு கீழே, கடைசிப் படியை உரசி ஆடிக்கொண்டிருந்தது. இளையவர்கள் முதலில் ஏறினார்கள். பிறகு மேனேஜரின் மனைவி.

“நீங்க முதல்ல” என்றார் மேனேஜர்.

“நீங்கதான் முதல்ல” என்றார் பெரியப்பா. இப்போது குரலில் உபசாரம் இல்லை.

“வயசுல பெரியவர் நீங்க.”

“மாப்பிள்ளை வீட்டுக்காரர் நீங்க.”

“இடம் உங்க ஏற்பாடு. அதனால நீங்க.”

“படகு உங்க ஏற்பாடு. உங்க படகுல உங்களுக்கு முன்னாடி நான் ஏறுறதா?”

“யாராவது ஒருத்தர் ஏறித் தொலைங்க சாமி!” என்றார் அட்மிரல்.

பெரியம்மா படகில் ஏறப்போனவர், கணவரின் காதருகே குனிந்தார். “என்னங்க, அந்த மனுஷன் கையைப் பாருங்க. உபசாரம் பண்ற கையா அது? பயந்து நடுங்குது.”

“வாயை மூடு. சம்பந்தி அவர்” என்றார் பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு. பெரியம்மா ஏறினார்.

படகு மண்ணில் தட்டியது. அட்மிரலுக்கு வேறு வழியில்லை. கம்பை ஊன்றி, ஏறியவர்களோடு படகை ஆழமான பக்கம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். “இனிமே கிட்ட வர முடியாது! ரெண்டு பேரும் இறங்கி நடந்து வாங்க! தொடை மட்டுந்தான் தண்ணி!”

படித்துறையில் இரண்டு சம்பந்திகள். எதிரே படகு. நடுவே, ஓடையைப் போல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும் கலங்கல் தண்ணீர்.

“அப்பா, நான் இறங்கி வரேன்!” என்றான் பல் டாக்டர்.

“மாப்பிள்ளை கால் நனையறதா? உக்காருங்க!” என்று அதட்டினார் பெரியப்பா. தன் வாயிலிருந்து ‘மாப்பிள்ளை’ என்ற சொல் வந்ததை அவர் கவனிக்கவில்லை. படகில் கவனித்தவள் ஒருத்தி இருந்தாள்.

பெரியப்பா பக்கத்தில் நின்றவரின் கையைப் பார்த்தார். டார்ச்சைப் பிடித்திருந்த விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. பட்டப்பகலில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கணத்தில் அவருக்குத் தன் பிளாட்பாரம் கண்ணுக்குள் வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் சிலர் நிற்பார்கள். கையில் டிக்கெட் இருக்கும், பெட்டி இருக்கும். “நீங்க ஏறுங்கம்மா, நீங்க ஏறுங்க” என்று எல்லோருக்கும் வழிவிடுவார்கள். அவ்வளவு மரியாதையான மனிதர்கள் உலகத்தில் கிடையாது என்று தோன்றும். வண்டி போய்விடும். அவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களை அவர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, “இந்தப் பெட்டியை ஏத்தணும், கொஞ்சம் கூட வாங்க” என்று முன்னால் ஏறுவார். அவர்களும் பெட்டிக்குத் துணைபோல ஏறிவிடுவார்கள்.

போனில் கேட்ட அந்த மௌனம், நடு பெஞ்சு, தொட்டி விளிம்பு, ஏறுதா இறங்குதா என்ற விசாரணை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இவர் நம் வீட்டில் குறை காணவில்லை. நாக்கு உலர்ந்துபோய் நின்றிருக்கிறார். இவரை இங்கே இழுத்துவந்த புண்ணியவான் யார்? நாம்தான்.

“சம்பந்தி” என்றார் பெரியப்பா, படகுக்குக் கேட்காத குரலில். “ஒரு உதவி பண்ணணும்.”

“சொல்லுங்க.”

“இந்தத் தண்ணி இழுக்குது. எனக்கு உடம்புல எடை இல்லை, பாத்தீங்கல்ல? எலும்புதான். காலை ஊனி வைக்க ஒரு பாரம் வேணும். இல்லேன்னா என்னை அடிச்சுட்டுப் போயிரும்.”

“பாரத்துக்கு இங்க எங்க போறது?”

“நீங்க இருக்கீங்களே. என் முதுகுல ஏறிக்கிட்டீங்கன்னா நான் நிலையா நடந்துருவேன்.”

மேனேஜர் அவரை வெகுநேரம் பார்த்தார். எத்தனையோ இருட்டில் எத்தனையோ முகங்களைப் பார்த்த கண்கள் அவை. தனக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“உங்க பாதுகாப்புக்குன்னா நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?” என்றார்.

பெரியப்பா படியில் முதுகைக் காட்டிக் குனிந்தார். கவர்னர்களே குனிந்து வந்த வாசலில் குனியாத முதுகு அது.

தண்ணீர் குளிர்ந்தது. சேறு காலைப் பிடித்து இழுத்தது. மேனேஜர் எலும்பு மனிதர் அல்ல. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பெரியப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, டார்ச்சை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்திருந்தார். பாதி வழியில் ஒரு அலை வந்து பெரியப்பாவை ஒரு அடி பக்கவாட்டில் தள்ளியது.

“சம்மதம்!” என்று கத்தினார் மேனேஜர். “எங்களுக்குப் பரிபூரண சம்மதம் சம்பந்தி! கீழ மட்டும் விட்டுடாதீங்க!”

பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார்.

“இங்க வேணாம்.”

“என்ன வேணாம்?”

“இங்க வச்சு அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. தண்ணியில வச்சு மிரட்டி வாங்கினான்னு ஊர் பேசும். படகுல உக்காந்து, மூச்சு வாங்கி, நிதானமா சொல்லுங்க.”

“சொன்னது சொன்னதுதான்! எங்க வீட்டுல பேச்சு மாத்துற வழக்கம் கிடையாது!”

“எங்க வீட்டுல இப்படி வாங்குற வழக்கம் கிடையாது!”

“பெரியப்பா!” என்று படகிலிருந்து ஒரு குரல் வந்தது. “நின்னு சண்டை போடாதீங்க! முதல்ல நடங்க!”

“சண்டை இல்லம்மா, மரியாதை!”

“அதை இங்க வந்து குடுங்க!”

நடந்தார். படகின் விளிம்பில் அட்மிரலும் மாப்பிள்ளையும் கைகொடுக்க, மேனேஜர் முதுகிலிருந்து நேராகப் பெஞ்சுக்கு இறங்கினார். ஒரு சொட்டு நனையவில்லை. பெரியப்பா இடுப்புவரை சேறோடு கடைசியாக ஏறினார். அப்போதுதான் மேனேஜருக்கு உறைத்தது.

“அடடே! கடைசில நீங்கதான் கடைசியா ஏறினீங்க!”

“வண்டியை அனுப்பிட்டுத்தானே ஸ்டேஷன் மாஸ்டர் நகரணும்” என்றார் பெரியப்பா, சட்டையைப் பிழிந்துகொண்டே.

படகு சிவப்பு மிதவையைத் தாண்டியதும், மேனேஜர் டார்ச்சை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, பெஞ்சை ஒரு கையால் மட்டும் பிடித்தபடி முறைப்படி கேட்டார். பெரியப்பா முறைப்படி சம்மதித்தார். தம்பி மகள் அவர் ஈரக்கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“முதுகு வலிக்குதா பெரியப்பா?”

“பாரம் இல்லாம நடந்திருந்தா அப்ப வலிச்சிருக்கும்.”

இதெல்லாம் மதில்மேல் நின்ற காவல்கார அம்மாள் பார்த்தது. அவர் ஒன்று சொல்ல, கேட்டவர்கள் ஒன்பது சொன்னார்கள். சம்பந்திகள் இருவரும் தண்ணீரில் கட்டிப் புரண்டார்கள் என்றார்கள். அது பொய் என்று கல்யாணத்துக்கு வந்தவர்கள் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. தியேட்டர் மேனேஜருக்குத் தண்ணீர் என்றால் பயம், அதனால்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று.

அப்படி ஒன்றும் இல்லை. பெரியப்பாவுக்கு எடை போதவில்லை. அவ்வளவுதான்.